நீலகிரி ஓடைகளில் ட்ரவுட்: குஞ்சு விடுவது ஓடையைக் காப்பதாகுமா?

குந்தாக்காரன்

அவலாஞ்சி, எமரால்டு, அப்பர் பவானி பக்கத்து ஓடைகளில் ட்ரவுட் மீன் குறைந்துவிட்டது, மீன் பொரிப்பகத்துக் குஞ்சுகளை முன்புபோல் ஆண்டுதோறும் விட்டால்தான் அந்த ஓடைகள் மீளும் என்ற கோரிக்கை இந்த இணைய மன்றத்தில் திரும்பத் திரும்ப எழுதப்படுகிறது, அதையே மனுவாகக் கொடுக்கவும் பேச்சு நடக்கிறது. எழுதுகிறவர்களின் அக்கறையில் எனக்கு ஐயம் இல்லை. ஆனால், குஞ்சு விடுவதும் ஓடையைக் காப்பதும் இரண்டு வேறு வேலைகள். முதல் வேலையைச் செய்துவிட்டு இரண்டாவதும் முடிந்துவிட்டதாக நாம் நினைத்துக்கொள்கிறோம்.

கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம். ட்ரவுட் இந்த மலைக்குச் சொந்தமான மீன் அன்று. 1863இல் மருத்துவரும் மீனியல் அறிஞருமான பிரான்சிஸ் டே முட்டைகளைக் கொண்டுவர எடுத்த முதல் முயற்சி தோற்றது. பிறகு வந்தவர்களின் பழுப்பு ட்ரவுட் முயற்சிகளும் நிலைக்கவில்லை. 1907இல் எச். சி. வில்சன் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்து, பசிபிக் கடலோர ஆறுகளைத் தாயகமாகக் கொண்ட வானவில் ட்ரவுட்டை வளர்த்து விட்ட பிறகுதான் இந்த மீன் இங்கே வேரூன்றியது. அதற்கு முன்பே, 1879இல், நீலகிரி வேட்டை விலங்குகளுக்கும் மீன்களுக்கும் என்று தனிச் சட்டம் வந்துவிட்டது. மீனுக்காகச் சட்டம் போட்டவர்கள், மீன் நிற்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதைப் பற்றி அதில் ஒன்றும் சொல்லவில்லை.

வானவில் ட்ரவுட் முட்டையிட ஏறக்குறைய 9 முதல் 14 பாகை செல்சியஸ் வரையிலான குளிர்ந்த நீர் தேவை. நீர் 20 பாகையைத் தாண்டினால் அது இரை எடுப்பதைக் குறைத்துக்கொள்ளும். 25ஐ நெருங்கினால் பிழைப்பது அரிது. வெப்ப மண்டலத்தில், பன்னிரண்டு பாகை வடக்கு அகலாங்குக்குக்கூட எட்டாத ஒரு மலையில், மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஓடை குளிர்ந்து ஓடுவதற்குக் காரணம் உயரம் மட்டும் இல்லை. தென்மேற்குப் பருவமழையைக் குடித்து வைத்துக்கொள்ளும் புல்வெளியும், மடிப்புகளில் ஒண்டி நிற்கும் சோலையும் அந்த நீரை மண்ணுக்கடியிலிருந்து மெல்ல மெல்லக் கசியவிடுகின்றன. அந்தப் புல்வெளியில்தான் தோல் பதனிடும் பட்டைக்காகச் சீகை (வாட்டில்) மரத்தையும், விறகுக்கும் காகிதக் கூழுக்குமாகக் கற்பூர (யூகலிப்டஸ்) மரத்தையும் நட்டு நிரப்பினோம். ஓடை மெலிந்து, வெயில் காலத்தில் கதகதப்பாகி, ஒவ்வொரு மழைக்கும் கலங்கி ஓடினால் அதில் ஆயிரம் குஞ்சு விட்டாலும் லட்சம் குஞ்சு விட்டாலும் முடிவு ஒன்றுதான்.

ஆகவே மனுவில் கேட்க வேண்டியது குஞ்சு இல்லை, நீர்ப்பிடிப்புப் பகுதி. மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.

ஈத்தூண்டில்

மறுப்பு இருக்கிறது. புல்வெளியைப் பற்றிச் சொன்னதில் இல்லை. தூண்டில்காரர்களை ஏதோ மீன் கேட்டு அழும் கூட்டமாகக் காட்டியதில் இருக்கிறது.

1877இல் தொடங்கிய நீலகிரி வேட்டைச் சங்கம் வேட்டைக்காரர்களாலும் தூண்டில்காரர்களாலும் நடத்தப்பட்டதுதான். ஆனால் வரையாடுகளை எண்ணியதும், உரிமம் இல்லாமல் சுடுகிறவர்களையும் வலை போடுகிறவர்களையும் தடுக்கக் காவலர்களை வைத்ததும் அந்தச் சங்கம்தான். பின்னாளில் அது வன உயிர், சுற்றுச்சூழல் அமைப்பாகவே மாறியது. ஓர் ஓடைக்கு ஆண்டு முழுவதும் போய்வருகிறவன் இருந்தால்தான் அந்த ஓடைக்கு என்ன ஆனது என்று சொல்ல ஆள் இருக்கும்.

தூண்டிலில் செயற்கை ஈயைக் கட்டி மீன் பிடிக்கும் ஃப்ளை ஃபிஷிங் செய்கிறவன் மீனைப் பார்ப்பதற்கு முன் கல்லைப் புரட்டிப் பார்க்கிறான். ஓட்டமான இடத்தில் முழங்கால் ஆழத்தில் கிடக்கும் ஒரு கல்லை மெதுவாகத் தூக்கித் திருப்பினால், அடிப்பக்கத்தில் தட்டையான உடலும் வயிற்றோரத்தில் துடிக்கும் செவுள்களும் வாலில் மயிரிழை போன்ற இழைகளும் கொண்ட மே ஈயின் இளம்புழு ஒட்டிக்கொண்டிருக்கும். பக்கத்திலேயே மணலையும் சருகுத் துணுக்கையும் பசைநூலால் ஒட்டிச் செய்த சிறு குழாய்க்குள் காடிஸ் ஈயின் புழு தலையை மட்டும் நீட்டும். நாம் இறகையும் நூலையும் சுற்றிச் செய்யும் செயற்கை ஈ இவற்றின் நகல்தான். எந்த அளவு, எந்த நிறம் என்பதை அந்தக் கல்தான் சொல்கிறது. மண் படிந்த ஓடையிலும் மருந்து கலந்த ஓடையிலும் கல்லைப் புரட்டினால் இவை இருக்காது. சிவப்பு நிறப் புழுக்களும் அட்டையும் இருக்கும். இதை அறிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. அந்த அறிவை வெளியே தள்ளிவிட்டு நீர்ப்பிடிப்புப் பகுதியைக் காப்போம் என்பது எப்படிச் சரியாகும்?

தலைப்பிரட்டை

நான் தவளைகளைப் பார்க்கிறவன், மீன்காரன் இல்லை. ஈத்தூண்டில் அவர்களின் கல்லைப் பற்றிய பத்தி எனக்குப் பிடித்தது. அதே கல்லுக்கடியில் வேறு சிலவும் இருக்கின்றன என்பதை மட்டும் சேர்க்க விரும்புகிறேன்.

நீலகிரியின் உயரமான ஓடைகளில் இனப்பெருக்கம் செய்யும் தவளைகள் பல இந்த மலைத்தொடரைத் தாண்டி எங்கும் இல்லாதவை. அவற்றின் தலைப்பிரட்டைகள் வாரக்கணக்கில் ஓடைக்குள்ளேயே வளர்கின்றன. பாறைகளைத் தாண்டிப் பெரிய மீன்கள் ஏற முடியாத தலையோடைகளில், ஓடையின் நடுவில் நின்று விரட்டிப் பிடிக்கும் ஒரு மீனைச் சந்தித்துப் பழகாமலே வந்த உயிர்கள் அவை. மேல் மலையின் ஆறுகளில் உருப்படியான மீனே இல்லை என்பதைத்தான் அன்று ட்ரவுட்டைக் கொண்டுவரக் காரணமாகச் சொன்னார்கள். மீன் இல்லாத நீர் வெற்று நீர் என்று எடுத்துக்கொண்டதில்தான் கோளாறு.

இது வெறும் அச்சம் இல்லை. கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலையில் மீனே இல்லாதிருந்த உயர ஏரிகளில், முதலில் கோவேறு கழுதைகளின் முதுகிலும் பிறகு விமானத்திலிருந்தும் ட்ரவுட் குஞ்சுகளைப் பல பத்தாண்டுகள் கொட்டினார்கள். மஞ்சள் கால் மலைத்தவளை ஏரி ஏரியாக மறைந்தது. வான்ஸ் வ்ரெடன்பர்க் சில ஏரிகளில் செவுள்வலை போட்டு ட்ரவுட்டை அகற்றிப் பார்த்து, அந்த ஏரிகளில் தவளைகள் விரைவாகப் பெருகியதை 2004இல் வெளியிட்டார். அந்தத் தவளைக்குப் பூஞ்சை நோயும் எமனாக வந்தது என்பது உண்மை. ஆனால் மீன் அகற்றிய ஏரிகளில் நடந்தது தெளிவானது.

சீகைமரம்

அப்படியானால் முக்குருத்தியிலும் அவலாஞ்சியிலும் உள்ள ட்ரவுட் முழுவதையும் பிடித்து அழித்துவிடலாம் என்கிறீர்களா? நூறு ஆண்டுக்கு மேலாக இங்கே பிறந்து வளரும் மீனை இன்னமும் அந்நியன் என்பது எனக்கு உறுத்துகிறது.

தலைப்பிரட்டை

இல்லை. ஒரு சிறிய ஏரியில் செய்ய முடிந்ததை அணைகளோடு பின்னிக் கிடக்கும் ஓடை வலைப்பின்னலில் செய்ய முடியாது. நஞ்சு கலந்து மீனைக் கொல்வது என்றால் மேலே சொன்ன மே ஈயும் தலைப்பிரட்டையும் சேர்ந்தே சாகும். நான் கேட்பது மிகச் சிறியது. அருவிகளுக்கு மேலே, மீன் தானாக ஏற முடியாத தலையோடைகளில் யாரும் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்க் குஞ்சு விடக் கூடாது. ஏற்கெனவே மீன் இருக்கும் அணைகளிலும் அவற்றின் கீழோடைகளிலும் இருப்பது இருந்துவிட்டுப் போகட்டும். நூறு ஆண்டு என்பது நம் குடும்பக் கணக்கில் நீண்ட காலம். ஒரு தவளையினம் புதிய எதிரிக்குப் பழகிக்கொள்ள அது போதாது.

மின்னோட்டம்

ஓய்வுபெற்ற பொறியாளன். நீர்மின் திட்டங்களில் வேலை பார்த்தவன் என்பதால், நீங்கள் யாரும் தொடாத ஒன்றைச் சொல்கிறேன்.

பைக்காரா மின் திட்டம் 1932இல் ஓடத் தொடங்கியது. 1950களிலும் 60களிலும் காமன்வெல்த் நாடுகளின் உதவி ஏற்பாடான கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடாவின் உதவியோடு குந்தா திட்டம் எழுந்தது. அவலாஞ்சி, எமரால்டு, அப்பர் பவானி, போர்த்திமந்து, பார்சன்ஸ் வேலி என்று நீங்கள் இன்று இயற்கைக் காட்சி என்று படம் எடுக்கும் நீர்ப்பரப்புகள் பெரும்பாலும் எங்கள் நீர்த்தேக்கங்கள். ஒரு பள்ளத்தாக்கின் நீரை மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக இன்னொன்றுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து குழாயில் இறக்கிச் சுழலியை ஓட்டுவதுதான் அமைப்பு. நீர் தேங்கியதால் ட்ரவுட்டுக்குக் குளிர்ந்த ஆழமான இடம் கிடைத்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் குளிர்காலத்தில் அந்த மீன் முட்டையிட ஓடைக்கு ஏறுகிறது. பெண் மீன் வாலால் சரளைக் கல்லைக் கிளறிப் பள்ளம் செய்து முட்டையிட்டு, மேலே மறுபடியும் சரளையைத் தள்ளி மூடுகிறது. 10 பாகை நீரில் அந்த முட்டை பொரிக்க ஒரு மாதம் பிடிக்கும். அந்த ஒரு மாதமும் சரளையின் இடுக்குகள் வழியாக நீர் ஊடுருவி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். இடுக்கில் வண்டல் அடைத்தால் முட்டை மூச்சுத் திணறிச் சாகும். அணைக்குக் கீழே ஓடையே இல்லாமல் பாறை காய்ந்து கிடக்கும் இடங்களில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

வண்டல் எங்கிருந்து வருகிறது என்பதற்குக் காரணம் ஒன்று மட்டும் இல்லை. சரிவில் மேலிருந்து கீழாக வரப்பு ஓட்டிய உருளைக்கிழங்கு, கேரட் தோட்டங்கள், சாலை வெட்டிய மண், நிலச்சரிவு எல்லாம் சேர்ந்துதான். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டியது. சரிந்த மண்ணும் மரமும் எங்கே போயிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

மனு எழுதுகிறவர்கள் அணைகளுக்குக் கீழே கோடையிலும் குறைந்த அளவு நீரைத் தொடர்ந்து விட வேண்டும் என்ற ஒரு வரியைச் சேருங்கள். மின்சாரத்தில் இழப்பு இருக்கும். அது எவ்வளவு என்று கணக்குப் போட்டுச் சொல்ல வாரியத்தில் ஆட்கள் இருக்கிறார்கள். கேட்கத்தான் ஆள் இல்லை.

நானுஓயா

வணக்கம். நான் நுவரெலியாவிலிருந்து எழுதுகிறேன். எங்களுடைய கதை உங்கள் அவலாஞ்சிப் பொரிப்பகத்தைவிட முந்தியது. 1882இலேயே பழுப்பு ட்ரவுட் முட்டைகள் நுவரெலியாவுக்கு வந்துவிட்டன. வானவில் ட்ரவுட் அதற்குப் பிறகு வந்தது. துரைமாருக்காகச் செய்த ஏற்பாடு என்பதைச் சொல்லத் தேவையில்லை. மீனை வளர்க்கவும் ஓடைக்கரையைத் துப்புரவாக்கவும் உழைத்தவர்களில் எங்கள் தோட்டத்துச் சனமும் இருந்தார்கள், தூண்டில் பிடிக்கும் உரிமைதான் அவர்களுக்கு இருக்கவில்லை.

இன்று மலைமேல் பீடபூமியான ஹோர்ட்டன் சமவெளியில் ஓடும் ஓடைகளில் வானவில் ட்ரவுட் தானாகவே பெருகி வாழ்கிறது. அந்தச் சமவெளிக்கே உரிய நன்னீர் இறால் இனம் ஒன்று அதே ஓடைகளில் இருக்கிறது. தலைப்பிரட்டை அவர்கள் சொன்ன அச்சம் எங்களிடம் இறாலின் உருவில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் சமவெளிக்கு வெளியே, மரக்கறித் தோட்டங்களுக்கு நடுவில் ஓடும் ஓயாக்களில் (சிற்றாறுகளில்) ட்ரவுட்டும் இல்லை, இறாலும் இல்லை. அங்கே மருந்து அடித்த தண்ணீரும் பிளாஸ்டிக் பையும்தான். இரண்டு இடத்தையும் நடந்து பார்த்தவன் என்ற முறையில், மீனா இறாலா என்ற சண்டையைவிடக் காட்டுக்கும் தோட்டத்துக்கும் இடையிலான எல்லைதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

தென்தீவுக்காரி

நியூசிலாந்தின் தென்தீவில் வசிக்கிறேன். இங்கும் ட்ரவுட் வந்தேறிதான். பழுப்பு ட்ரவுட் 1867இல் டாஸ்மேனியாவிலிருந்து வந்தது. ஆனால் உலகெங்கும் இருந்து தூண்டில்காரர்கள் இங்கே வருகிறார்கள். நானுஓயா சொன்ன எல்லையோடு தூண்டில்காரர்களின் காலணியையும் சேர்க்க விரும்புகிறேன்.

2004இல் இங்குள்ள ஆறுகளில் டிடிமோ என்ற ஒருவகைப் பாசி கண்டுபிடிக்கப்பட்டது. வடக்கு நாடுகளின் குளிர்ந்த ஆறுகளைச் சேர்ந்த நுண்பாசி அது. கல்லின் மேல் பழுப்பு நிறத்தில், தொட்டால் ஈரக் கம்பளி போல் இருக்கும் கெட்டியான போர்வையாகப் படர்ந்து, ஈத்தூண்டில் அவர்கள் சொன்ன மே ஈக்களுக்கு நிற்கவே இடமில்லாமல் செய்துவிடும். ஒரு துளி ஈரம் இருந்தால் அது அடுத்த ஆற்றுக்குப் போய்விடும். வழுக்காமல் இருக்க நாங்கள் அணியும் நீர்க்காலணியின் அடியில் இருந்த கம்பளிப்பட்டை அந்த ஈரத்தை நாட்கணக்கில் வைத்திருக்கக்கூடியது என்பதால், 2008இல் அந்தப் பட்டை வைத்த காலணியை இங்கே தடை செய்தார்கள். ஓர் ஆற்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகுமுன் ஒட்டியிருக்கும் பாசியை எடுத்துவிட வேண்டும், பாத்திரம் கழுவும் சோப்பை ஐந்து விழுக்காடு கலந்த நீரில் ஒரு நிமிடம் ஊற வைக்க வேண்டும், அல்லது முழுக்கக் காய்ந்த பிறகு மேலும் 48 மணி நேரம் உலர விட வேண்டும் என்று டிடிமோவுக்காக அப்போது சொன்னார்கள். காஷ்மீரிலோ இமாச்சலத்திலோ தூண்டில் போட்டுவிட்டு அதே காலணியோடு ஊட்டிக்கு வருகிறவர்கள் இதை மனதில் வையுங்கள். மீன் நோய்களும் இதே வழியில்தான் பயணம் செய்கின்றன.

இன்னொரு செய்தியையும் சொல்லிவிடுகிறேன். இங்கே தூண்டிலில் பிடித்த ட்ரவுட்டை யாரும் விற்க முடியாது. சந்தை இல்லாததால் வலை போடுகிறவனுக்கு வேலை குறைவு. உரிமக் கட்டணமாகத் தூண்டில்காரர்கள் கட்டும் பணத்தில்தான் கண்காணிப்பு நடக்கிறது.

குந்தாக்காரன்

எல்லாருக்கும் நன்றி. ஈத்தூண்டில் அவர்களின் கோபம் நியாயமானது. தூண்டில்காரர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குஞ்சு விடுவதை நம்பியிருக்கும் தூண்டில்காரர் வேண்டாம் என்கிறேன். அதற்கு இரண்டு எடுத்துக்காட்டுகள் உண்டு.

ஒன்று அமெரிக்காவின் மொன்டானா. அங்கே டிக் வின்சென்ட் என்ற மீன்வள உயிரியலாளர் மேடிசன் ஆற்றில், குஞ்சு விடும் பகுதியையும் விடாத பகுதியையும் ஒப்பிட்டுப் பார்த்தார். பொரிப்பக மீனைக் கொட்டுவதை நிறுத்திய பகுதியில் ஆற்றிலேயே பிறந்த ட்ரவுட் வெகுவாகப் பெருகியது. பக்கத்து ஓடையில் புதிதாகக் கொட்டத் தொடங்கியபோது அங்கே பிறந்த மீன் குறைந்தது. தொட்டியில் தீவனம் தின்று நெருக்கியடித்து வளர்ந்த மீன், ஆற்றில் இடம் பிடித்து நிற்கும் மீனை முட்டி மோதி இடம் கலைத்துவிட்டு, பிறகு தானும் குளிர்காலத்தைத் தாண்டாமல் செத்துப்போகிறது. வணிகர்கள், விடுதிக்காரர்கள், தூண்டில்காரர்கள் எல்லாரும் எதிர்த்தும், 1974 முதல் தானாக மீன் பெருகும் ஆறுகளில் குஞ்சு விடுவதை அந்த மாநிலம் கைவிட்டது. இன்று ட்ரவுட்டுக்கு அது பெயர் பெற்ற இடம். மேடிசனில் பெருகிய பழுப்பு ட்ரவுட்டும் வானவில் ட்ரவுட்டும் அந்த ஆற்றுக்கு வெளியிலிருந்து வந்தவைதான் என்பதைச் சீகைமரம் அவர்கள் கவனிக்கலாம்.

இரண்டாவது நம் வீட்டுக் கதை, வலிக்கும் கதையும்கூட. காவிரியின் திமில் மஹ்சீர் என்ற பெரிய ஆற்று மீனைப் பெருக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தோடு, மகாராஷ்டிரத்தின் லோனாவாலாவில் பொரித்த நீலத்துடுப்பு மஹ்சீர் குஞ்சுகளைப் பல ஆண்டுகள் காவிரியில் விட்டார்கள். விட்ட இனம் பெருகியது. காக்க நினைத்த இனம் சுருங்கியது. அது மறைந்துவருகிறது என்று சொல்ல முடிந்ததே, தூண்டில்காரர்கள் பிடித்த மீன்களைப் பதிவேட்டில் எழுதி வைத்திருந்ததால்தான். ஈத்தூண்டில் அவர்களின் வாதத்துக்கு இதைவிடப் பெரிய சாட்சி நானே தேடித் தர முடியாது. அந்தத் திமில் மஹ்சீருக்கு 2018இல்தான் அறிவியல் பெயர் உறுதியானது. அதே ஆண்டில் அழிவின் விளிம்பில் உள்ள இனமாகப் பட்டியலில் ஏறியது. அதன் கடைசிப் புகலிடங்களில் ஒன்று நம் மலையின் நீரை வாங்கிக்கொண்டு வடக்கே இறங்கும் மாயாறு. அவலாஞ்சி ட்ரவுட்டுக்காகக் கண்ணீர் விடுகிறவர்களில் எத்தனை பேர் மாயாற்றைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறோம்?

ஈத்தூண்டில்

மாயாற்றைப் பற்றிய கேள்வியை ஏற்றுக்கொள்கிறேன். குஞ்சு கேட்கும் பத்தியை மனுவிலிருந்து எடுத்துவிடலாம். அதற்குப் பதிலாக மூன்றைக் கேட்போம்: ஓடைக்கரைகளில் சீகை மரத்தை அகற்றிவிட்டுப் புல்லும் சோலையும் திரும்ப விடுவது, அணைக்குக் கீழே கோடை நீர், தலையோடைகளில் எந்த மீனையும் விடக் கூடாது என்ற எழுத்துவடிவத் தடை. ஒரேயடியாகச் சரிவு முழுவதையும் வெட்டி மண்ணை வெறுமையாக்கி அடுத்த மழைக்குக் கொடுத்துவிடாமல், பகுதி பகுதியாகச் செய்ய வேண்டும் என்பதையும் எழுதுவோம். பட்டுப்போன சீகையின் விதை மண்ணுக்குள் நெடுங்காலம் உயிரோடு கிடக்கும். வெட்டியவர்கள் ஆண்டுதோறும் திரும்பி வந்து நாற்றைப் பிடுங்கினால்தான் புல் வெல்லும்.

ஒரு கேள்வி மட்டும் பாக்கி. பிடித்த மீனைத் திரும்ப விடுவதுதான் எங்கள் ஒழுக்கம் என்று பழகிவிட்டோம். கையை நனைத்துக்கொண்டு, எதிர்முள் நசுக்கிய தூண்டில் முள்ளை நீருக்குள்ளேயே கழற்றி, மீனின் தலையை ஓட்டத்துக்கு எதிராகப் பிடித்து, செவுள் சீராக அசையத் தொடங்கியதும் விரலைத் தளர்த்துவோம். தலைப்பிரட்டை அவர்களின் கண்ணில் இது நல்லதா, கெட்டதா?

தலைப்பிரட்டை

இடத்தைப் பொறுத்தது. மாயாற்று மஹ்சீர் என்றால் தூண்டிலே போடாதீர்கள். அணையில் ட்ரவுட் என்றால் விடுவதும் உண்பதும் உங்கள் விருப்பம். தலையோடையில் அனுமதியோடு ட்ரவுட் பிடித்தால் வீட்டுக்கு எடுத்துச் சென்று வறுத்துவிடுங்கள் என்பேன். அமெரிக்காவில் யெல்லோஸ்டோன் ஏரிக்குள் யாரோ விட்ட ஏரி ட்ரவுட் 1994இல் கண்டறியப்பட்டது. அது அந்த ஏரிக்கே சொந்தமான கட்த்ரோட் ட்ரவுட்டைத் தின்று தீர்ப்பதால், அந்த ஏரியில் ஏரி ட்ரவுட்டைப் பிடிக்கிறவர் அதைக் கொன்றே ஆக வேண்டும், திரும்ப விடக் கூடாது என்பது பூங்காவின் விதி. ட்ரவுட்டைத் தெய்வமாக வைத்திருக்கும் நாட்டிலேயே அப்படி.

சீகைமரம்

கடைசியாக ஒன்று. இதையெல்லாம் படித்துவிட்டு எனக்கும் ஒரு முறை தூண்டில் போட்டுப் பார்க்க ஆசை வந்துவிட்டது. எங்கே போவது, யாரைக் கேட்பது?

குந்தாக்காரன்

முக்குருத்தி தேசியப் பூங்காவுக்குள் ஆசையே வேண்டாம். மற்ற ஓடைகளும் பெரும்பாலும் காப்புக்காட்டில் இருப்பதால், மீன்வளத் துறையிடமும் அந்தச் சரகத்தின் வன அலுவலரிடமும் எழுத்தில் அனுமதி வாங்காமல் கரையில் கால் வைக்காதீர்கள். இரண்டில் ஒன்று இருந்தால் போதும் என்று சொல்லும் வழிகாட்டிகளை நம்பாதீர்கள். பைக்காரா நீர் தோடர்களுக்குத் தெய்வம். அவர்களின் பால்மனைக்கென்று (கோயிலாகவும் விளங்கும் பால் வீடு) ஒதுக்கிய ஊற்றுகளும் ஓடைகளும் உண்டு, மந்து என்ற அவர்களின் குடியிருப்புக்கு அருகே போனால் அவர்களைக் கேட்டுவிட்டு நடங்கள். அனுமதி கிடைத்தால் ஒரு சிறிய வெப்பமானியை வாங்கி நூலில் கட்டி எடுத்துச் செல்லுங்கள். நிழலான இடத்தில் ஓட்டத்துக்குள் சற்று நேரம் விட்டுப் பாருங்கள். 20 பாகைக்கு மேல் காட்டினால் தூண்டிலைச் சுருட்டிவிட்டு, தேதியையும் நேரத்தையும் பாகையையும் இந்த இழையிலேயே வந்து எழுதுங்கள். மனுவோடு இணைக்க அதுவும் தேவைப்படும்.